வாத்தியார் வீட்டு வெள்ளிக்கிழமை

போன வியாழக்கிழமை நம்முடைய முதியோர் கூடத்துக்கு ஒரு பெண் கையில் காகிதத்தோடு வந்தாளே, நினைவிருக்கிறதா? பனிக்காலம் முடியும் வரை வீட்டு வாசலுக்கே வண்டி அனுப்பப்போகிறார்களாம், வேண்டுகிறவர்கள் பேர் எழுத வேண்டுமாம். உடனே நீங்கள் எல்லோரும் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, தெருப் பனிக்கு இறைத்த உப்புப் படிந்து வாசலில் கிடந்த பூட்ஸுகளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டீர்கள். முப்பது வருஷம் டெப்பனர் என்கிற மூலைக்கடை நடத்திப் பாலும் சிகரெட்டும் விற்ற நம் நண்பர்தான் வாயைத் திறந்தார்.

"பிள்ளை, வண்டி வந்தால் நாங்கள் ஏறுவம். பேர் என்னத்துக்கு?"

"லிஸ்ட் இல்லாம டிரைவருக்கு எப்படித் தெரியும் அங்கிள்?" என்றாள். சென்னைப் பெண்.

"லிஸ்டோ? எண்பத்து மூண்டில எங்கட வீடுகளுக்கு லிஸ்டைப் பார்த்துப் பார்த்துத்தான் நெருப்பு வைச்சவங்கள். உமக்கு அது தெரியாது. வையும் அதை உள்ளுக்கை."

அதற்குள் நான் பேனாவை வாங்கி என் பேரை முதல் வரியில் போட்டுவிட்டேன். எனக்கு எழுத வருவது அது ஒன்றுதான், அதையும் எழுதுவதில்லை, வரைகிறேன். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். "பேர் எழுதிறதெண்டால் பாண்டிச்சேரி ஐயா முன்னுக்கு ஓடுவார்" என்று அவர் சொன்னார். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கினேன். எட்டு, ஒன்பது வயசில் நடந்தது ஒன்று மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இதுவரை யாருக்கும் முழுசாகச் சொன்னதில்லை. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். உங்களில் யாராவது படித்து மற்றவர்களுக்குச் சொல்லுங்கள்.

இது பொறாமைக் கதை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்தத் தொண்ணூற்று மூன்று வயசிலும் அது போகவில்லை. டெப்பனர்க்காரருக்கு என்னைவிட முன்னால் முட்டி ஆபரேஷன் நடந்ததற்கு நான் ஒரு மாசம் அவரோடு சரியாகப் பேசவில்லை. அவருக்கு அது தெரியாது. இப்போது தெரியட்டும்.

என்னைப் பாண்டிச்சேரிக்காரன் என்கிறீர்கள். பிறந்தது அங்கேதான். பால்பல் விழுந்து முளைத்தது சைகோனில். இரண்டு ஊரும் அப்போது பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது, அதனால் கப்பல் ஏறினால் போதும், பிழைப்பு இருந்தது. அப்பாவுக்கு அங்கே அரசாங்க ஆபீஸில் வேலை. வேலை என்றால், பெரிய துரையின் அறைக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பது, மணி அடித்தால் உள்ளே போவது, கொடுத்த கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது. பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைக் கோட்டு உண்டு. அம்மா அதைக் கரிப்பெட்டியால் தேய்க்கும்போது வருகிற கஞ்சி வாசனை இருக்கிறதே, அதுதான் எனக்குக் காலை நேரம். சைகோன் தெருவில் இரண்டு பக்கமும் புளியமரம். பிரெஞ்சுக்காரன் நிழலுக்கு வைத்தது. நம் பெண்டுகள் மடி நிறையப் புளியம்பழம் பொறுக்கிவந்து குழம்பு வைத்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் பார்த்துச் சிரிப்பார்கள்.

எதற்கோ வந்து எங்கேயோ போகிறேன். பதிவேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் அப்பாவின் தாத்தா பாண்டிச்சேரியில் ஒரு நாள் சர்க்கார் கச்சேரிக்குப் போய், பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். என் சாதி வழக்கம், குல வழக்கம் எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கிறேன், பிரெஞ்சுச் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறேன் என்று அதில் எழுதியிருந்ததாம். அவருக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரன் போட்டிருக்கிறான், அவனுக்கு என்னவோ கிடைக்கப்போகிறது என்ற வயிற்றெரிச்சலில் இவரும் போய்ப் போட்டாராம். எங்கள் வீட்டில் பொறாமை அத்தனை பழசு. ஆனால் அந்த ஒரு கையெழுத்தால் நாங்கள் பிரெஞ்சுக் குடிமக்கள் ஆனோம். சாமி கும்பிடுவது, விளக்கேற்றுவது ஒன்றும் மாறவில்லை. அப்பாவுக்குச் சைகோனில் வேலை கிடைத்ததும், எனக்கு வெள்ளைக்காரப் பிள்ளைகளோடு ஒரே பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்ததும் அதனால்தான். அப்பா அடிக்கடி சொல்லுவார்:

"ரெஜிஸ்தர்ல பேரு ஏறிடிச்சின்னா ஏழு தலமுறைக்கு சோறு."

எங்கள் வீட்டு வேதம் அது. உங்களுக்கு லிஸ்ட் என்றால் நெருப்பு, எங்களுக்கு லிஸ்ட் என்றால் சோறு.

இனி வாத்தியார் மகன். அவனும் நானும் ஒரே வகுப்பு. வகுப்பு எடுத்தவர் அவனுடைய அப்பா. வெள்ளைக்காரர், ஒல்லி, கண்ணாடி, காது ஓரத்தில் எப்போதும் சாக்கட்டித் தூள். தன் சைக்கிளின் முன் கம்பியில் மகனை உட்கார வைத்துக்கொண்டுதான் வருவார். வீடு பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே, சர்க்கார் கொடுத்த வீடு. நூறு தப்படி இருக்காது. அந்த நூறு தப்படிக்கும் சைக்கிள். இறங்கும்போது மகனுடைய பின்கழுத்தில் ஒரு தடவை கை வைத்து எடுப்பார். அவ்வளவுதான், வேறு கொஞ்சல் கிடையாது. வகுப்பில் மற்றவர்கள் போலத்தான் அவனையும் நடத்துவார். ஆனால் அந்தக் கை! நான் புளியமரத்தடியில் நின்று தினமும் அதைப் பார்ப்பேன். என் அப்பா கை என் கழுத்துக்கு வருவது அறைவதற்கு மட்டும்தான்.

அவனிடம் என்னவெல்லாம் இருந்தது என்று இன்றைக்கும் என்னால் ஒப்பிக்க முடியும். இழுத்துத் திறக்கிற மூடி போட்ட மரப் பென்சில் பெட்டி. மூடியை இழுத்தால் உள்ளே இன்னொரு தட்டு, அதன் அடியில் நீலத் துணிமேல் வட்டம் போடுகிற காம்பஸ். இரண்டு பித்தளைக் கொக்கி வைத்த தோல் பை. மழைக்கு மெழுகுத்துணிக் கோட்டு, அதில் தலைக்கும் ஒரு குல்லாய். அவன் கெட்டிக்காரன் வேறு. நானும் மோசமில்லை. மனக்கணக்கில் அவனை நான் இரண்டு தடவை முந்தியிருக்கிறேன். அப்போதும் அவன் "சபாஷ்" என்று சொல்லிவிட்டான். அது எனக்கு இன்னும் எரிந்தது.

நாங்கள் பேசிக்கொண்டது பிரெஞ்சில்தான். எனக்கு எல்லாம் தமிழாகத்தான் நினைவிருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், பொழுது சாய்கிற நேரம், அவன் வகுப்பில் விட்டுப்போன நோட்டைக் கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஜன்னல் பலகை எல்லாம் சாத்தியிருந்தது. பின்கதவு வழியாகப் போனேன். மேசைமேல் வெள்ளைத் துணி, அதன்மேல் இரண்டு மெழுகுவத்தி. வாத்தியார் மனைவி தலையில் துணி போட்டுக்கொண்டு, கண்ணைக் கைகளால் மூடிக்கொண்டு, உதட்டுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். வாத்தியாரும் மகனும் எழுந்து நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மூன்று பேரும் அசையவில்லை. அந்த அம்மாள்தான் முதலில் சிரித்து, ஒரு துண்டு ரொட்டி பிய்த்துக் கொடுத்தார். தலைப்பின்னல் போல முறுக்கிச் சுட்ட ரொட்டி, லேசாக இனிப்பு.

வாசல் வரை வந்த மகன் என் கையைப் பிடித்தான். "யாருகிட்டயும் சொல்லாதே. எங்க வீட்டு விஷயம் இது. அப்பாவுக்குப் பிடிக்காது."

எங்கள் வீட்டிலும் வெள்ளிக்கிழமை விளக்குதான். அம்மா குத்துவிளக்கு ஏற்றி, கண்மூடி நிற்பாள். ஆனால் அது தெருவுக்கே தெரியும். சொல்லக்கூடாத வெள்ளிக்கிழமை ஒன்று அவனுக்கு மட்டும் இருக்கிறது! போகிற வழியெல்லாம் அந்த ரொட்டி நெஞ்சில் அடைத்தது.

அதற்கு முந்தின வருஷம்தான் ஜெர்மன்காரன் பிரான்ஸைப் பிடித்திருந்தான். எங்களுக்கு அது தூரத்துச் செய்தி. வகுப்பில் பிரான்ஸின் புதுத் தலைவர், ஜெர்மன்காரனோடு கைகோத்த ஒரு கிழட்டு மார்ஷலின் படம் மாட்டினார்கள், வெள்ளை மீசை. காலையில் கொடிக்கு முன்னால் விறைத்து நின்றோம். துறைமுகத்தில் ஜப்பான்காரன் கப்பல் வந்தது. மற்றபடி மழை பெய்துகொண்டிருந்தது. அந்த மழையில்தான் அப்பா ஒரு நாள் ஆபீஸிலிருந்து முகம் மலர வந்தார்.

"கேட்டியா, பெரிய தொரை புதுசா ஒரு ரெஜிஸ்தர் தொறந்திருக்கார். செவப்புத் தோல் முதுகு. பூட்டி வெக்கிறாரு. யார் யார் வந்து பேரு கொடுக்கிறாங்கன்றே? டாக்டரு, வக்கீலு, பெரிய கடைக்கார மொதலாளி. எல்லாம் மோட்டார்ல வர்றவங்க."

அம்மா சட்டியை இறக்கி வைத்தாள். "நம்ம பேரு இருக்கா?"

"கேட்டேன். குமாஸ்தா சிரிக்கிறான். அது ஒரு தனி ஜனமாம். நமக்கெல்லாம் கெடையாதாம்."

"அதென்னங்க நமக்குக் கெடையாது? நாமளும் பிரெஞ்சுக் குடிதானே? அவங்களுக்கு இன்னா ரெண்டு தலையா?"

"பன்னி துண்ண மாட்டாங்களாம். சனிக்கெழம வேல செய்ய மாட்டாங்களாம். வெள்ளிக்கெழம சாயந்தரம் வெளக்கேத்துவாங்களாம்."

"நானும் தானே ஏத்தறேன்! பன்னி நம்ம வூட்ல யாரு துண்றாங்க? போய்ச் சொல்லுங்க. சொன்னாத்தானே குடுப்பான்."

அப்பா யோசித்தார். நிஜமாகவே மறுநாள் போய்க் கேட்டும் பார்த்தார் என்றால் நம்புவீர்களா? எங்கள் வீட்டிலும் வெள்ளிக்கிழமை விளக்கு உண்டு, எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று. துரை சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். "உன்னை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், போ" என்றாராம். துரைக்குத் தன்மேல் பிரியம் என்று அப்பா சொல்லிக்கொண்டார்.

நான் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். வெள்ளிக்கிழமை, விளக்கு, சொல்லக்கூடாது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாத்தியார் வீடு அந்த ஜனம். ஆனால் வாத்தியார் பேர் கொடுக்க வரவில்லை. அப்பா வந்தவர்களை எல்லாம் தினமும் சாப்பாட்டு நேரத்தில் வரிசையாகச் சொல்லுவார், அதில் அவர் இல்லை. அவருக்கு விஷயம் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

நான் சொல்லவில்லை. சொன்னால் அவர்களுக்கு ஏதோ கிடைக்கும். பெரிய வீடு கிடைக்கும், மோட்டார் கிடைக்கும், மகனுக்கு இன்னொரு பென்சில் பெட்டி கிடைக்கும். இருப்பது போதாதா? ஒரு வாரத்துக்கு மேல் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவன் சைக்கிள் கம்பியிலிருந்து இறங்கும்போது அவனைப் பார்த்து உள்ளுக்குள் சொல்லிக்கொள்வேன்: உனக்கு வரவேண்டியது என் வாய்க்குள் இருக்கிறது. அந்த நாட்களில்தான் நான் சந்தோஷமாக இருந்தேன்.

பிறகு காம்பஸ் நாள் வந்தது. பள்ளிகளைப் பார்வையிடுகிற அதிகாரி வருகிறார், எல்லோரும் காம்பஸ் கொண்டுவர வேண்டும், இல்லாதவன் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். என்னிடம் ஏது? அப்பாவிடம் கேட்டதற்கு, ஒரு நூலில் பென்சிலைக் கட்டிக் கொடுத்து "இதுவும் வட்டம்தான் போடும்" என்றார். அன்று வாத்தியார் ஒவ்வொரு பெஞ்சாக வந்தார். எங்கள் வரிசைக்கு வருகிறார். மேசைக்கு அடியில் ஏதோ என் மடியில் விழுந்தது. நீலத் துணியோடு அந்தக் காம்பஸ்.

"உன்னுடையது எங்கே?" என்று மகனைக் கேட்டார்.

"மறந்துட்டேன், மிஸ்யே." வகுப்பில் அவனும் அப்பாவை அப்படித்தான் கூப்பிட வேண்டும்.

வாத்தியார் என் கையிலிருந்ததைப் பார்த்தார். அது யாருடையது என்று அவருக்குத் தெரியாதா? அவர் வாங்கிக் கொடுத்ததுதானே. ஆனாலும் மகனுக்குக் கதவைக் காட்டினார். அவன் தாழ்வாரத்தில் நின்றான். சாரல் அவன் பக்கம்தான் அடித்தது. ஒரு மணி நேரம், அதிகாரி வந்து போகும்வரை நின்றான். நான் உள்ளே வட்டம் வட்டமாகப் போட்டுக்கொண்டிருந்தேன். அதிகாரி என் நோட்டைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். வெளியே போனபோது அவன் தலையைத் துவட்டிக்கொண்டு, "எவ்வளவு பெரிய வட்டம் போட்ட?" என்று கேட்டான்.

இப்படிப்பட்டவனுக்கு வரவேண்டியதை நான் மறைத்து வைத்திருக்கிறேனே என்று அன்றைக்குத்தான் வெட்கம் வந்தது. என் வாழ்க்கையில் பொறாமையை நானாக விட்டது அந்த ஒரு தடவைதான். சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன்.

"எங்க வாத்தியார் வூட்லயும் அப்படித்தாம்பா. வெள்ளிக்கெழம ரெண்டு மெழுகுவத்தி. நான் பாத்தேன்."

அப்பா கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். "அடப்பாவி! எத்தினி நாளா தெரியும்? ஏன்டா சொல்லல? நாளைக்கு ரெஜிஸ்தரை மூடறாங்க! அந்த மனுசன் ஒனக்கு எழுத்து சொல்லிக் குடுக்கிறவரு!"

அம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "இன்னாங்க நீங்க, ஊரான் வூட்டுக்குப் பந்தல் போடப் போறீங்க? நமக்கு இல்லன்னுட்டான். அவங்களுக்கு மட்டும் எதுக்கு? சும்மா கெடங்க."

அம்மா சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

அப்பா காலையில் தேய்த்த கோட்டைப் போட்டுக்கொண்டு வழக்கத்தைவிட அரை மணி முன்னால் கிளம்பினார். வாத்தியார் பேரைத் துரையிடம் சொன்னார். துரை நாற்காலியிலிருந்து எழுந்து வந்து அப்பாவின் தோளில் தட்டினாராம்.

அதற்குப் பிறகு பத்து நாள் இருக்கும். வாத்தியாருக்கு முத்திரை வைத்த கடிதம் ஒன்று வந்தது. கொண்டுபோய்க் கொடுக்கிறவர் யார்? அப்பாதான். "நீதானடா சொன்னது, நீயும் வா" என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நல்ல மழை. கடிதம் நனையாமல் கோட்டுக்குள், மார்போடு வைத்திருந்தார். வாத்தியார் கதவைத் திறந்தார், உள்பனியனோடு இருந்தார். அவரை அப்படிப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. உள்ளே அவர் மனைவி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். மகன் தரையில் குப்புறப் படுத்துப் படித்துக்கொண்டிருந்தான்.

வாத்தியார் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். அப்பாவுக்குப் பிரெஞ்சு பேச வரும், படிக்க வராது. விலாசத்தை மட்டும் அடையாளம் தெரியும். சிரித்த முகமாக நின்றுகொண்டிருந்தார்.

"நல்ல சேதிதானே, மிஸ்யே?"

வாத்தியார் கடிதத்தை நாலாக மடித்தார். "யார் என் பேரைக் கொடுத்தது?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை.

அப்பா என் தலையில் கை வைத்தார். "இவந்தான், மிஸ்யே. உங்க வூட்டு வெள்ளிக்கெழமயப் பாத்திருக்கான். பொறாம புடிச்ச பய, உங்களுக்கு நல்லது வந்துடுமேன்னு ஒரு வாரம் மறைச்சுட்டான். அப்புறம் மனசு கேக்காம சொன்னான். கடைசி நாள்ல நாந்தான் ஓடிப்போய் உங்க பேர ஏத்தினேன்."

பட்டாணி உரிக்கிற சத்தம் நின்றது. வாத்தியார் அப்பாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். இந்த மனிதனுக்கு ஒன்றும் தெரியாது என்று அவருக்கு அப்போது விளங்கியிருக்க வேண்டும். கையை நீட்டினார். அப்பா தன் கையைக் கோட்டில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டு கொடுத்தார். ஒரு வெள்ளைக்காரர் அவருக்குக் கை கொடுத்தது அதுதான் முதல் தடவை. நான் மகனைப் பார்த்தேன். அவன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். 'சொல்லாதே' என்று அவன் சொன்னது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அப்பா நாலைந்து நாள் அந்தக் கையைப் பற்றியே பேசினார். தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

அதற்கடுத்த வாரம் துரை அவரை அனுப்பினார், வாத்தியார் வீட்டுச் சாவியை வாங்கிவர. அனுப்பும்போது சொன்னாராம்: ஒளிந்திருந்த யூதன் ஒருவனைக் காட்டிக் கொடுத்தாய், நல்ல வேலைக்காரன் நீ என்று. அப்பா திரும்பி வந்து கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டாமல், நனைந்தபடியே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இன்னாங்க, கெடைச்சிடுச்சா அவங்களுக்கு?" என்றாள் அம்மா. அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

"கெடைச்சிது."

"இன்னா கெடைச்சிது?"

"வேல போச்சு. அந்த ஜனத்துல யாரும் வாத்தியாரா இருக்கக்கூடாதுன்னு சட்டமாம். வூடு போச்சு. பேரு இல்லாதவன் தப்பிச்சிருப்பான். நாங் கொண்டுபோய் எழுதி வெச்சுட்டு வந்தேன்."

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள், நெருப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தபோதும்.

இதை டெப்பனர்க்காரரிடம் கொஞ்சம் கோடி காட்டினேன். "அது எப்பிடியும் தெரிய வந்திருக்கும் ஐயா. நீங்கள் சின்னப்பிள்ளை, உங்களுக்கு என்ன விளங்கும்" என்றார். இருக்கலாம். யாரோ ஒருவன் சொல்லித்தான் இருப்பான். அந்த யாரோ நான்.

துரை அப்பாவுக்கு ஒரு பரிசும் வைத்திருந்தார். படிப்பு முடியும்வரை எனக்குப் பெரிய பள்ளிக்கூடத்தில் இலவச இடம். வாத்தியார் மகன் போகவேண்டியிருந்த பள்ளிக்கூடம் அது. சீருடை, புத்தகம், எல்லாம் அவர்களே தருவார்கள். நான் குதித்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நடந்தது எல்லாம் தெரிந்த பிறகும் குதித்தேன். அப்பா துரையிடம் போய், "என் பையனுக்குப் படிப்பு ஏறாதுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். சொன்ன பொய் நிற்க வேண்டுமே, வந்த கையோடு என்னைப் பழைய பள்ளியிலிருந்தும் நிறுத்தி, காரைக்கால் பாய் ஒருவரின் துணிக்கடையில் மூட்டை தூக்க விட்டார்.

நான் அவரோடு மாதக்கணக்கில் பேசவில்லை. என் வாழ்க்கையைக் கெடுத்தவர் என்று அவர் சாகும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். பாரிஸிலும் இங்கேயும் நான் பெருக்கின ஆபீஸ்களில், சின்ன வயசில் கற்ற நாலு எழுத்தும் மறந்துபோய், மேசையில் கிடக்கிற காகிதங்களைப் படிக்கத் தெரியாமல் அடுக்கி வைக்கும்போதெல்லாம் அவரைத் திட்டியிருக்கிறேன். அவர் அந்த ஸ்டூல் வேலையை விடவில்லை. வீட்டில் ஐந்து வாய். அவரால் வேண்டாம் என்று சொல்ல முடிந்தது அந்த ஒன்றுதான். இது எனக்குப் புரிய அவர் போய் முப்பது வருஷம் ஆயிற்று.

வாத்தியார் குடும்பம் சீனக் கடைகள் இருந்த பக்கம் ஒரு சந்தில் சின்ன வீடு எடுத்தது. பாய் கடையிலிருந்து துறைமுகத்துக்கு மூட்டை கொண்டுபோகிற வழி அது. இரும்புக் கம்பிக் கதவு, உள்ளே ஒரு முற்றம். முற்றத்தில் பாய் விரித்து வாத்தியார் பாடம் சொல்லிக்கொண்டிருப்பார், ஒரே ஒரு மாணவனுக்கு. அவன் படிக்கும்போது அவர் கை அவன் கழுத்தில் இருக்கும். இப்போது யாரும் பார்ப்பதில்லை அல்லவா, அதனால் எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

வேலை போய், வீடு போய், பாதி மேசை நாற்காலியை விற்றுவிட்டு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து எனக்கு என்ன தோன்றியது என்று கேளுங்கள். ஒரு முழு வாத்தியார் அவன் ஒருத்தனுக்கு! அதுதான் தோன்றியது. மூட்டையோடு கதவு ஓரம் நின்று, காதில் விழுகிற வரை கேட்டுவிட்டு, யாராவது நிமிர்ந்தால் ஓடிவிடுவேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் தினமும் நினைப்பேன். அதற்கு வேண்டிய பிரெஞ்சு வார்த்தைகளை மூட்டை தூக்கிக்கொண்டே சொல்லிப் பழகினேன்.

ஒரு நாள் அவன் மட்டும் கதவருகே நின்றான். ஓட முடியவில்லை, மூட்டை கனம். இளைத்திருந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் பேசினான்.

"நீ தினமும் இந்த வழியாப் போறத நான் பாக்கறேன். எங்க போற?"

"துறைமுகத்துக்கு."

"தனியாவா?"

"தனியாத்தான்."

"ஜப்பான் கப்பல் பாத்தியா?"

"தினமும் பாக்கறேன்."

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "அப்பா என்ன வெளிய விடறதில்ல. தெருவுல யாராச்சும் ஏதாச்சும் கேட்டுருவாங்கன்னு அம்மா பயப்படறா. நாள் பூரா இந்த முற்றம்தான். உன்னைப் பாத்தா பொறாமையா இருக்கு."

என்னைப் பார்த்து ஒருத்தன் அந்த வார்த்தையைச் சொன்னான். அதுவும் அவன். பழகி வைத்திருந்ததெல்லாம் என் வாயிலிருந்து போய்விட்டது. மூட்டையை இறக்கி அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். கப்பலின் புகைக்கூண்டு எவ்வளவு உயரம் என்று சொன்னேன். சிப்பாய்கள் கரையில் வரிசையாக நின்று பல் தேய்ப்பதைச் சொன்னேன். கரும்பு வெட்டுகிற கிழவி எனக்கு மட்டும் ஒரு துண்டு அதிகம் தருவாள் என்று சொன்னேன், அது பொய். ஆற்றில் நீந்துவேன் என்று சொன்னேன், அதுவும் பொய். கால் மணி நேரம் இருக்கும். அவன் கம்பிக்கு நடுவில் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டான். உள்ளேயிருந்து அவன் அம்மா இரண்டு தரம் கூப்பிட்டார்.

அடுத்த வாரம் அந்த வீடு பூட்டிக் கிடந்தது. எங்கே போனார்கள் என்று சந்தில் யாருக்கும் தெரியவில்லை. பிறகு நான் எத்தனையோ ஊரில் எத்தனையோ பேரைக் கேட்டுவிட்டேன்.

அன்றைக்கு அந்தக் கதவருகே, அவன் அம்மா மூன்றாம் தரம் கூப்பிட்டபோது, "இதோ வர்றேம்மா" என்று சொல்லிவிட்டு அவன் என் பக்கம் திரும்பினான்.

"சீக்கிரம் சொல்லு. அப்புறம்?"

நான் சொல்லிக்கொண்டே போனேன்.